எதிர்ப்புக்கு மறுமொழி: வணிகக் குறியீட்டுப் பதிவில் எதிருரையின் இடம்

வணிகக் குறியீடு என்பது ஒருவருடைய சரக்கையோ சேவையையோ மற்றவருடையதிலிருந்து பிரித்தறிய உதவும் பெயர், எழுத்து, படம், வடிவம் ஆகியவற்றைக் குறிக்கும் சட்டச் சொல். அதைப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம், பதிவகத்தின் ஆய்வைக் கடந்து வணிகக் குறியீட்டு இதழில் விளம்பரமான பிறகும் முடிவுக்கு வந்துவிடுவதில்லை. அந்த விளம்பரம் வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எவர் வேண்டுமானாலும் அந்தப் பதிவு கூடாது என்று எழுத்தில் தெரிவிக்கலாம் என 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதற்கு எதிர்ப்பு அறிவிப்பு என்று பெயர். எதிர்ப்பவர் போட்டி வணிகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பெயரால் ஏமாறக்கூடும் என்று கருதும் வாடிக்கையாளரும் எதிர்க்கலாம். எதிர்ப்புக்கு விண்ணப்பதாரர் தரும் எழுத்துவழி மறுமொழியைச் சட்டம் எதிருரை என்ற நிலையில் வைக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் பிரதிவாதி தாக்கல் செய்யும் எதிருரையோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு என்பதால் இவ்வுரையிலும் அப்பெயரே ஆளப்படுகிறது.

சிறு வணிகர் பலர் எதிர்ப்பு அறிவிப்பைக் கண்டதும் அதை நீதிமன்ற அழைப்பாணைபோல அஞ்சி, வழக்குச் செலவுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ அதற்கு நேர்மாறாக, எதிராளி சொன்ன ஒவ்வொரு வரியையும் "மறுக்கப்படுகிறது" என்று எழுதி அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றனர். இரண்டுமே விண்ணப்பத்தைக் கெடுக்கும். எதிருரை என்பது விண்ணப்பதாரர் தம் வழக்கு இன்னது என்று முதன்முறையாகத் தெரிந்தெடுத்துச் சொல்லும் இடம். அங்கே எதை ஒப்புக்கொள்கிறார், எதை மறுக்கிறார், எந்தச் சட்ட வழியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே பிறகு வரும் சான்றுகளும் விசாரணையும் அமைகின்றன. அங்கே சொல்லாத ஒன்றைப் பின்னால் சான்றினால் மட்டும் நிறுவிவிட முடியாது. அங்கே சொல்லிவிட்டுச் சான்று காட்ட முடியாத ஒன்று விண்ணப்பதாரரின் மற்றக் கூற்றுகளின் மீதும் ஐயத்தைக் கொண்டுவருகிறது.

முதலில் காலக்கெடு. எதிர்ப்பு அறிவிப்பின் நகல் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் எதிருரை பதிவாளரிடம் சேர வேண்டும். சேராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இந்தக் கெடுவைச் சட்டமே நேரடியாக விதித்திருப்பதால், மற்றக் காலவரம்புகளை நீட்டிக்கப் பதிவாளருக்கு 131-ஆம் பிரிவு தரும் அதிகாரம் இங்கே பயன்படாது. கைவிடப்பட்ட விண்ணப்பத்தை மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்ற ஆறுதல் பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். பதிவு கிடைக்கும்போது அது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும் என்று 23-ஆம் பிரிவு சொல்வதால், புதிய விண்ணப்பம் போடுபவர் பழைய தேதியை இழக்கிறார். இடையில் எதிராளியோ வேறொருவரோ விண்ணப்பித்திருந்தால், முதலில் வந்தவராக இருந்தவர் பின்னால் வந்தவர் ஆகிவிடுகிறார். எதிருரைக்கான கட்டணம் மின்வழித் தாக்கலில் வகுப்பு ஒன்றுக்கு 2,700 ரூபாய். (வகுப்பு என்பது சரக்குகளையும் சேவைகளையும் 45 பிரிவுகளாகப் பகுக்கும் உலகளாவிய வகைப்பாட்டின் ஒரு பிரிவு.) அந்தத் தொகையையும் இரண்டு பக்கத் தாளையும் தவறவிட்டதற்காகப் பல ஆண்டுகள் வழங்கிவந்த பெயரின் முன்னுரிமை போய்விடுவது, இந்தத் துறையில் நிகழும் இழப்புகளுள் மிகவும் தவிர்க்கக்கூடியதும் மிகவும் வருந்தத்தக்கதும் ஆகும்.

கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. 2017-ஆம் ஆண்டின் விதிகள், மின்னஞ்சல் அனுப்பப்பட்ட நேரத்திலேயே அது சார்வு செய்யப்பட்டதாக, அதாவது உரியவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்கின்றன. சட்டமோ விண்ணப்பதாரர் "பெற்ற" நாளைப் பேசுகிறது. மின்னஞ்சல் வந்துசேரவே இல்லை என்று சொன்ன ஒரு விண்ணப்பதாரரின் வழக்கில், சட்டத்தின் சொல்லே மேலோங்கும் என்றும், அனுப்பியதைக் காட்டினால் போதாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. இது நியாயமான தீர்ப்பு. ஆயினும் அதை நம்பி மின்னஞ்சலைப் பாராமல் இருப்பது அறிவுடைமை ஆகாது. விண்ணப்பத்தில் தரும் முகவரி பெரும்பாலும் முகவருடையதாகவோ, அன்றைக்கு உதவிய கணக்கருடையதாகவோ இருந்துவிடுகிறது. பதிவகத்தின் இணைய ஆவணங்களில் எதிர்ப்பு அறிவிப்பு ஏறியவுடனேயே அதைப் படித்து, நகல் வருமுன்பே எதிருரையைத் தாக்கல் செய்யவும் விதிகள் அனுமதிக்கின்றன. இதழில் விளம்பரமான பிறகு வரும் நான்கு மாதங்களில் விண்ணப்பத்தின் நிலையை அடிக்கடி பார்த்துவருவது எந்த வழக்கறிஞரின் துணையும் இல்லாமல் செய்யக்கூடிய பணி.

இனி எதிருரையின் உள்ளடக்கம். எதிர்ப்பு அறிவிப்பில் சொல்லப்பட்ட உண்மைகளுள் எவை ஒப்புக்கொள்ளப்படுகின்றன என்று எதிருரை சொல்ல வேண்டும் என்பது விதி. அதனடியில், எந்தப் பத்தி தம் சொந்த அறிவின்படி உண்மை, எந்தப் பத்தி கிடைத்த தகவலின்படி உண்மை என நம்பப்படுகிறது என்று கையொப்பமிட்டு உறுதி செய்ய வேண்டும். எதிராளியின் குறியீடு பதிவில் இருப்பது ஆவணத்தில் தெரியும்போது அதை மறுப்பதால் பயன் இல்லை. அதை ஒப்புக்கொண்டு, அந்தப் பதிவு எந்த வகுப்பில், எந்தச் சரக்குக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுபவர் பதிவாளரின் நம்பிக்கையைப் பெறுகிறார்.

எதிர்ப்பின் காரணங்கள் பெரும்பாலும் இரு பிரிவுகளில் அடங்கும். 9-ஆம் பிரிவு குறியீட்டின் இயல்பிலேயே உள்ள குறையைப் பேசுகிறது: சரக்கின் வகையையோ தரத்தையோ விளையும் ஊரையோ மட்டும் சொல்லும் பெயர் ஒருவருக்கே உரியதாக முடியாது. இதற்கு மறுமொழி, விண்ணப்பித்த நாளுக்கு முன்பே நீண்ட பயன்பாட்டால் அந்தப் பெயர் தம் சரக்கை மட்டுமே குறிக்கும் நிலையை அடைந்துவிட்டது என்று காட்டுவது. 11-ஆம் பிரிவு ஏற்கெனவே உள்ள இன்னொருவரின் குறியீட்டோடு வரும் மோதலைப் பேசுகிறது. இங்கே அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு: நற்பெயர் பெற்ற குறியீட்டின் அடிப்படையிலோ, ஒருவர் சரக்கை மற்றவர் சரக்காகக் காட்டி விற்பதைத் தடுக்கும் சட்டத்தின் அடிப்படையிலோ, பதிப்புரிமையின் அடிப்படையிலோ பதிவை மறுக்க வேண்டுமானால், அந்த முந்தைய குறியீட்டின் உரிமையாளரே எதிர்ப்பில் அதை எழுப்பியிருக்க வேண்டும். எவரும் எதிர்க்கலாம் என்ற பொது வாசல் வழியாக வந்த ஒருவர், தமக்கு உரிமையில்லாத குறியீட்டின் பெயரால் இந்தக் காரணங்களை முன்வைத்தால், எதிருரையின் முதல் கேள்வியே அவருடைய நிலை பற்றியதாக இருக்கலாம்.

ஒப்புமை பற்றிய வாதத்தில் எதிருரைகள் தடுமாறும் இடத்தைச் சென்னையிலேயே தோன்றிய ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. ஸ்ரீ அம்பாள் என்ற பெயரையும், நீரில் மிதக்கும் உலக உருண்டை மீது அமர்ந்த அம்பாளின் படம் கொண்ட சீட்டையும் பதிவு செய்து மூக்குப்பொடி விற்றுவந்த நிறுவனம், 1958-இல் வேறொரு பொடி வணிகர் 'ராதாஸ் ஸ்ரீ ஆண்டாள் மெட்ராஸ் ஸ்நஃப்' என்ற சீட்டுக்குப் பதிவு கோரியபோது எதிர்ப்புத் தெரிவித்தது. புதிய சீட்டில் ஆண்டாளின் படம் நடுவில் இருந்தது; தமிழ், தேவநாகரி, தெலுங்கு, கன்னட எழுத்துகளில் பெயர் இருபுறமும் பொறிக்கப்பட்டிருந்தது. கண்ணால் பார்த்தால் இரு சீட்டுகளும் ஒன்றுபோல இல்லை. ஆண்டாள் அரங்கனை அடைந்தவள், அம்பாள் சிவனின் துணைவி, தமிழ்நாட்டில் எவரும் இருவரையும் ஒருவராகக் கருத மாட்டார் என்ற வாதம் உள்ளூர் அறிவுக்கு முழுவதும் பொருந்தியதாகவே இருந்தது. பதிவாளர் விண்ணப்பதாரர் பக்கம் நின்றார். சென்னை உயர் நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. 1969-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பின் காரணங்கள் இன்றும் எதிருரை எழுதுபவர் முன்னால் இருக்க வேண்டியவை. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மட்டும் எப்போதும் முடிவு செய்வதில்லை, காதில் விழும் ஓசையையும் கருத வேண்டும் என்றும், அம்பாள், ஆண்டாள் என்ற ஒலிகளுக்கு இடையே நெருங்கிய உறவு உண்டு என்றும் நீதிமன்றம் கூறியது. பொருள் வேறுபாடு தென்னாட்டு இந்துக்களுக்குத் தெளிவாக இருக்கலாம். பொடி வாங்குபவர்களோ பிற சமயத்தவராகவும், பிற மாநிலத்தவராகவும், எழுத்தறியாதவராகவும் இருக்கக்கூடும் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. குழப்பம் நேர்ந்ததாகச் சான்று இல்லை என்ற வாதமும் உதவவில்லை, ஏனெனில் விண்ணப்பதாரரின் வணிகமே நெடுநாளையதன்று. தெய்வத்தின் பெயரால் கடை வைப்பதும் சரக்குக்குப் பெயர் இடுவதும் தமிழ்நாட்டில் இயல்பான வழக்கம் ஆதலால், இந்தத் தீர்ப்பு பல வணிகருக்குக் கசப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதன் நியாயம் வலுவானது: பெயரை வாயால் சொல்லி வாங்கும் சரக்கில் வாங்குபவரின் காதுதான் அளவுகோல், விண்ணப்பதாரரின் புலமை அளவுகோல் ஆகாது. எனவே ஒலி ஒப்புமை கூறும் எதிர்ப்புக்குப் பெயர்களின் பொருள் விளக்கத்தை மட்டும் மறுமொழியாகத் தருவது போதாது. அந்தச் சரக்கு எங்கே, யாரால், எப்படிக் கேட்டு வாங்கப்படுகிறது என்று காட்ட வேண்டும். மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் விற்கப்படும் பொருளுக்கும் பெட்டிக்கடையில் கேட்டு வாங்கும் பொருளுக்கும் மறுமொழி ஒன்றாக இருக்க முடியாது.

எதிருரைகளில் மிகுதியாகக் காணப்படும் இன்னொரு வாதம், எதிராளியின் பெயரில் உள்ள பகுதி பலருக்கும் பொதுவானது என்பது. பதிவேட்டைத் தேடி, அதே முன்னொட்டோ பின்னொட்டோ உள்ள பத்துப் பதினைந்து பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் எதிராளிக்குத் தனியுரிமை இல்லை என்று நிறுவிவிட்டதாக நினைப்பவர் பலர். 1949-இல் 'குளுவிடா' என்ற பெயரைப் பிஸ்கட்டுக்குப் பதிவு செய்யக் கோரிய ஷாங்ரிலா நிறுவனமும் இதையே சொன்னது. எதிர்த்தது, 'குளுகோவிடா' என்ற பெயரில் வைட்டமின் கலந்த குளுகோஸ் தூள் விற்ற கார்ன் புராடக்ட்ஸ் நிறுவனம். பத்து ஆண்டுகள் நீண்ட அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-இல் சொன்னது இது: பதிவேட்டில் பெயர்கள் இருப்பது அவை சந்தையில் வழங்குகின்றன என்பதற்குச் சான்று ஆகாது, பொதுக் கூறு என்ற வாதத்தை வைப்பவர், அந்தப் பிற பெயர்கள் உண்மையில் விரிவாகப் பயன்பட்டு வருகின்றன என்று காட்ட வேண்டும். காட்டவில்லை, விண்ணப்பம் தோற்றது. குளுகோஸ் பிஸ்கட் செய்யப் பயன்படும் பொருள் என்பதால், சரக்குகள் வேறு என்ற வாதமும் நிற்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1969-இல், 'டிராபோவிட்', 'புரோட்டோவிட்' என்ற வைட்டமின் மருந்துகளின் வழக்கில், 'விட்' என்ற ஈறு அத்தகைய மருந்துகளின் பெயர்களில் பொதுவாக வரும் விளக்கக் கூறு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது எதிர்ப்பு வழக்கு அன்று, ஏற்கெனவே செய்த பதிவை நீக்கக் கோரியது. ஆனாலும் பொதுக் கூறு வாதம் எப்போது வெல்லும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. வாதம் ஒன்றே, அதன் பின்னால் சந்தை இருந்ததா என்பதே வேறுபாடு.

எதிருரைக்கு முன்பே விண்ணப்பதாரர் எழுதிய ஒரு தாள் பதிவகத்தில் கிடக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். பதிவகம் ஆய்வறிக்கையில் முன்பே உள்ள சில குறியீடுகளைச் சுட்டிக்காட்டி ஆட்சேபித்தபோது, அவற்றைத் தாண்டுவதற்காக விண்ணப்பதாரர் "எம் பெயரில் இந்தச் சொல் பொதுச்சொல், பெயர் முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்" என்று பதில் எழுதியிருப்பார். பிறகு எதிருரையில் அதே சொல்லைத் தமக்கே உரியது என்று கூறினால் எதிராளி பழைய பதிலை எடுத்துக்காட்டுவார். இப்படி ஒரு கட்டத்தில் ஒன்று சொல்லிப் பதிவு பெற்றவர், அடுத்த கட்டத்தில் அதற்கு மாறாகப் பேச முடியாது என்று டில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023-இல் கூறியது. விண்ணப்பத்தில் குறித்த முதல் பயன்பாட்டுத் தேதியும் அப்படியே. எதிருரையில் வேறு ஆண்டு எழுதப்பட்டால், எந்த ஆண்டு உண்மை என்ற கேள்வி மற்ற எல்லா வாதங்களையும் பின்னுக்குத் தள்ளிவிடும். எனவே எதிருரை எழுதத் தொடங்குமுன் விண்ணப்பம், பயன்பாடு பற்றிய உறுதிமொழிப் பத்திரம், ஆய்வறிக்கைக்குத் தந்த பதில் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்பது தவிர்க்கக்கூடாத வேலை.

ஒப்புமையை மறுக்க முடியாத நிலையில் விண்ணப்பதாரருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 12-ஆம் பிரிவு நேர்மையான உடனிகழ் பயன்பாட்டையும் பிற சிறப்புச் சூழ்நிலைகளையும் ஏற்கிறது. அதாவது ஒருவர் பிறர் பெயரைத் திருடும் எண்ணமின்றி நெடுங்காலம் அதே போன்ற பெயரைப் பயன்படுத்தி வந்திருந்தால், பதிவாளர் ஏற்ற கட்டுப்பாடுகளுடன் இருவருக்கும் பதிவு தரலாம். இதன் பழைய வடிவம் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 'அமிர்ததாரா' என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மருந்து விற்றுவந்த நிறுவனம், 1950-இல் 'லக்ஷ்மண்தாரா' என்ற பெயரைப் பதிவு செய்யக் கோரியவரை எதிர்த்தது. விண்ணப்பதாரர் 1923 முதல் அந்தப் பெயரில் மருந்து விற்றுவந்ததாகக் காட்டினார். பெயர்கள் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று பதிவாளர் கருதினார். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் நீண்ட காலமாகப் பயன்பாடு இருந்ததையும், எதிராளி அதைத் தெரிந்தும் பேசாதிருந்ததையும் கருத்தில் கொண்டு, அந்த மாநிலத்துக்குள் மட்டும் பதிவு அளித்தார். உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1962-இல் உச்ச நீதிமன்றம் பதிவாளரின் உத்தரவையே மீட்டெடுத்தது: நகரத்தவரும் கிராமத்தவரும், எழுதப்படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் வாங்கும் மருந்தில் பெயர்களின் மொத்த ஓசை குழப்பம் தரும் என்று ஒரு கையால் சொல்லி, மறு கையால் நீண்ட நேர்மையான பயன்பாட்டுக்கு அதற்குரிய எல்லைக்குள் இடம் கொடுத்தது.

இந்த வழக்கைச் சிறு வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு மாவட்டத்திலோ ஒரு மாநிலத்திலோ தலைமுறையாக விற்கும் எண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் லேகியத்துக்கும் பெரிய நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது, நாடு முழுவதும் தமக்கே உரிமை என்று நின்று எல்லாவற்றையும் இழப்பதைவிட, உண்மையான பயன்பாட்டின் எல்லையை ஒப்புக்கொண்டு அதற்குள் பதிவு கேட்பது நேர்மையானதும் பயன்தருவதும் ஆகும். அந்தக் கோரிக்கை எதிருரையிலேயே மாற்று வாதமாக இடம்பெற வேண்டும். சரக்குப் பட்டியலைச் சுருக்கிக்கொள்வதும், எதிராளியின் ஒப்புதலைப் பெற்று 11-ஆம் பிரிவின் கீழ் அதைப் பதிவாளர் முன் வைப்பதும் இதோடு சேர்ந்த வழிகள். உடன்பாட்டுக்கு முன்வருவது பலவீனத்தின் அடையாளம் என்ற எண்ணத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

எதிருரை எதிராளிக்குச் சார்வு செய்யப்பட்ட பிறகு அவர் இரண்டு மாதங்களுக்குள் உறுதிமொழிப் பத்திரத்தோடு சான்றுகளைத் தர வேண்டும், அல்லது அறிவிப்பில் சொன்னதே போதும் என்று தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் எதிர்ப்பே கைவிடப்பட்டதாகிறது. அடுத்த இரண்டு மாதங்கள் விண்ணப்பதாரருக்கு. அதன் பிறகு ஒரு மாதம் எதிராளியின் மறுப்புச் சான்றுக்கு. இந்தக் கட்டத்தில்தான் எதிருரையின் ஒவ்வொரு வரியும் தனக்கான தாளைக் கேட்கிறது. பதிவு பெறத் தகுதி உண்டு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்பதால், எதிராளி எதையும் நிறுவவில்லை என்று மட்டும் சொல்லிக் கொண்டிருக்க முடியாது. ஆண்டுவாரியான விற்பனைத் தொகையைத் தணிக்கையாளர் சான்றோடு தருவதும், பழைய பில்கள், அச்சக ரசீதுகள், சீட்டு மாதிரிகள், நாளிதழ் விளம்பரங்கள், உணவுப் பொருளானால் உரிமங்கள் ஆகியவற்றைத் தேதிவரிசையில் இணைப்பதும் இதில் அடங்கும். பில்லில் கடையின் பெயர் மட்டும் இருந்து சரக்கின் பெயர் இல்லாவிட்டால் அது குறியீட்டின் பயன்பாட்டுக்குச் சான்றாகாது என்ற எளிய உண்மையால் விழுந்த வழக்குகள் ஏராளம். தமிழ்நாட்டு வணிகர் தனியாக நினைவில் கொள்ள வேண்டிய விதியும் ஒன்று உண்டு: இந்தி, ஆங்கிலம் தவிர்ந்த மொழியில் உள்ள ஆவணத்துக்குச் சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழைய தமிழ்ப் பில்லும் திருவிழா மலர் விளம்பரமும் விண்ணப்பதாரரின் மிக வலுவான சான்றுகளாக இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பு இன்றி இணைத்தால் அவை பதிவாளரின் மேசையில் வெறும் தாள்களாகவே கிடக்கும்.

விசாரணையைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, இலட்சத்தீவு ஆகியவற்றுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஒரு தரப்பு ஒத்திவைப்பு கேட்பதானால் மூன்று நாள்களுக்கு முன்பே காரணத்தோடு கேட்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் கிடைக்காது. விண்ணப்பதாரர் வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவும், எதிராளி வராவிட்டால் எதிர்ப்பு நடத்தப்படாததால் தள்ளுபடி ஆகவும் வாய்ப்பு உண்டு. எழுத்துவழி வாதத்தைத் தாக்கல் செய்தால் பதிவாளர் அதையும் கருத வேண்டும்.

முடிவு பாதகமானால், உத்தரவு கிடைத்த மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்ட பிறகு இந்த மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் இவற்றுக்கெனத் தனிப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது. அங்கே வாதங்கள் புதியனவாக இருக்கலாம்; ஆனால் நீதிமன்றம் முதலில் எடுத்துப் பார்ப்பது பதிவாளர் முன் ஏற்கெனவே வைக்கப்பட்ட எதிருரையையும் அதோடு இணைந்த சான்றுகளையும்தான்.